வாடைக் காற்றும் வெள்ள வரலாறும்



ஆண்டு முடிகிற மாதங்களில் ரப்பர்த் தோட்டத்து மக்கள் விடியற்காலையில் கேட்டுவந்த முதல் கேள்வி, "இன்னைக்கு வெட்டு உண்டா, இல்லையா?" என்பதுதான். மரம் நனைந்திருந்தால் பால் கோட்டிலே நில்லாமல் பட்டையெங்கும் வழிந்தோடும்; மங்கில் மழைத்தண்ணீர்தான் சேரும். வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை என்ற நிலையில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். ஆகவே மழையைப் பற்றிய அறிவு நமக்குப் பொழுதுபோக்கு அன்று, வயிற்றுப்பாட்டைச் சேர்ந்தது. சில வேளைகளில் உயிரையே காப்பது.

நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது. ஆனால், எங்கோ பெய்யும் பனிதான் நமக்கு மழையை அனுப்புகிறது என்றால் நம்புவீர்களா? நவம்பர் முதல் மார்ச் வரை வடக்கே சைபீரியாவில் கடுங்குளிர். குளிர்ந்த காற்று கனமானது. அது தரையோடு அமுங்கித் தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது, வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி அக்காற்றில் ஏறிக்கொள்கிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளை அடைந்ததும், மலைகள் அதைத் தடுத்து மேலே தூக்குகின்றன. மேலே போகப் போகக் காற்று குளிரும், ஆவி நீர்த்துளியாகும், துளிகள் கூடி மேகமாகும். ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உருவாகும். இந்தப் பருவத்தை மலாய் மக்கள் தெங்குஜூ என்பார்கள்.

இக்காற்று தமிழனுக்குப் புதியதல்ல. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் பெயரிட்டு வைத்தவர்கள் நம் முன்னோர். "ஐப்பசி மழை அடை மழை, கார்த்திகை மழை கன மழை" என்று ஊரிலே பெரியவர்கள் சொன்னதும் இதே வடகிழக்குப் பருவக்காற்றின் மழையைத்தான். தென்மேற்குக் காற்றில் கடாரத்திற்குப் பாய்விரித்து வந்த வணிகர்கள், வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருந்து ஊர் திரும்பினார்கள். காற்றை அறிந்தவனுக்கே கடல் வழிவிட்டது.

காற்றுக்குப் பெயர் இருந்தது போல மேகங்களுக்கும் முறையாகப் பெயர் வைத்தவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். அவர் பெரிய பேராசிரியர் அல்லர். மருந்து தயாரிக்கும் தொழில் செய்தவர். வானத்தை நாள்தோறும் பார்த்துக் குறித்து வைத்தவர். 1802-ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய ஓர் உரையில் மேகங்களை வகைப்படுத்தினார். மயிர்க்கற்றை போல உயரத்தில் தெரிவது கீற்று முகில். பஞ்சுப்பொதி போலக் குவிவது திரள் முகில். விரித்த பாய் போலப் பரவுவது படை முகில். மழை பொழிவது கார்முகில். இன்றும் உலகம் முழுவதும் அவர் வழியையே பின்பற்றுகிறார்கள்.

நாம் முக்கியமாக அறிய வேண்டியவை இரண்டு. மத்தியானத்துக்கு மேல் கோபுரம் போல உயர்ந்து, அடிப்பாகம் கறுத்து, இடியோடு கொட்டுவது ஒன்று. அது பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மற்றொன்று, வானம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக மூடி, இரவு பகலாக விடாமல் பெய்யும் அடைமழை. இடிமழைக்குப் பயப்படுகிற நாம், சத்தமில்லாத இந்த மழையை அசட்டை செய்து விடுகிறோம். ஒரு ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் சுமார் நான்கு லட்சம் லிட்டர்! அத்தனையும் ஆற்றுக்குத்தானே போக வேண்டும்?

அப்படி ஆறு பெருகிய கதைகள் நம் வரலாற்றில் உண்டு. 1926 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தை, மண் கரைந்து செந்நிறமாக ஓடியதால், 'சிவப்பு வெள்ளம்' என்றே மக்கள் அழைத்தார்கள். அந்த வெள்ளம் கோலாலம்பூரையும் விடவில்லை. 1967 ஜனவரியில் கிளந்தான், திரங்கானு, பேராக் மாநிலங்கள் தவித்தன. 1971 ஜனவரியில் மீண்டும் தலைநகரம் மூழ்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 2007-இல் கோலாலம்பூரின் அடியில் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்ச் சுரங்கமும் திறக்கப்பட்டது.

அதனால் ஆபத்து தீர்ந்ததா? இல்லை. 2014 டிசம்பரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2021 டிசம்பரில், "வெள்ளமெல்லாம் கிழக்குக் கரையிலதானே" என்றிருந்த சிலாங்கூரில் வீட்டுக் கூரை மேல் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தவர்கள் பலர். அந்தப் பருவ வெள்ளத்தில் நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைய வெள்ளத்தைக் கண்டவர்கள் மறைந்ததும், புதியவர்கள் ஆற்றோரத்தில் அச்சமின்றிக் குடியேறுகிறார்கள். மழை தன் வழியை மறப்பதில்லை, நாம்தான் மறந்துவிடுகிறோம்.

மாணவர்களே! உங்கள் தாத்தா பாட்டியிடம், "வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டு, அந்த ஆண்டையும் இடத்தையும் எழுதி வையுங்கள். நேராக நிற்கும் ஒரு தகர டின்னைத் திறந்தவெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில், சேர்ந்த மழையை அடிக்கோலால் அளந்து குறியுங்கள். பெற்றோர்களே! மேலாற்றுப் பக்கம் பெய்த மழை, நம் பக்கம் வெயில் அடிக்கும்போதுகூட வந்து சேரும். வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்தால், "பார்த்துக்கலாம்" என்று இராமல், பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் ஆகியவற்றை முதலில் உயரத்தில் ஏற்றுங்கள். போகச் சொன்னால் உடனே புறப்படுங்கள். பொருளைப் பிறகு சம்பாதித்துக் கொள்ளலாம்.

வானம் நாள்தோறும் நம் தலைக்குமேல் விரித்து வைத்த புத்தகம். அதை வாசிக்கக் கட்டணம் இல்லை. வாசிப்போம், பிழைப்போம்!