ஒரு வாசல், பல குடிகள்: போர்ட்லெட் வளர்ந்த வரலாறு

தோற்றுவாய்

பலர் கூடி வாழும் இடம் எதுவாயினும் அங்கே இரண்டு கேள்விகள் எழும். ஒவ்வொருவருக்கும் உரிய எல்லை எது? எல்லாருக்கும் பொதுவான விதி எது? ஊர்ப் பொதுநிலம் முதல் பள்ளியின் கால அட்டவணை வரை, இவ்விரு கேள்விகளுக்கும் விடை காணாத ஏற்பாடு நெடுநாள் நிலைத்ததில்லை. கணினித் திரையும் இதற்கு விலக்கன்று. ஒரு நிறுவனத்தின் பல துறைகளும் ஒரே வலைப்பக்கத்தில் அருகருகே அமர வேண்டிய நிலை 1990களின் பிற்பகுதியில் ஏற்பட்டபோது, அதே கேள்விகள் அங்கும் எழுந்தன. அவற்றுக்குக் கிடைத்த விடைதான் போர்ட்லெட் என்னும் அமைப்பு.

வலைவாசல் என்பதற்கு ஆங்கிலத்தில் போர்ட்டல் என்று பெயர். அச்சொல்லின் ஈற்றில் சிறுமையைக் குறிக்கும் 'லெட்' என்னும் விகுதி சேர்ந்து போர்ட்லெட் ஆயிற்று. பெரிய வாசலுக்குள் அமைந்த சிறுகூறு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அது பிறந்த சூழலும், அதற்கு ஒரு பொது விதி வாய்த்த விதமும், அவ்விதி எட்டாமல் விட்ட இடமும் கற்போர் அறியத்தக்கவை.

வாசல் பிறந்த கதை

டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்த உலகளாவிய வலை, 1993-இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொதுச்சொத்தாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் வலைத்தளங்கள் பெருகின. பெருகியவற்றுள் வேண்டியதைத் தேடி எடுப்பது அரிதாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-இல் தளங்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்ட பட்டியலே யாகூ ஆகும். 1996-இல் 'மை யாகூ' என்னும் பக்கம் தோன்றியது. செய்தி, வானிலை, பங்கு விலை முதலிய கட்டங்களில் தமக்கு வேண்டியவற்றைப் பயனர் தாமே தெரிந்தெடுத்து அடுக்கிக்கொள்ள அது இடமளித்தது. எல்லாருக்கும் ஒரே பக்கம் என்னும் நிலை மாறி, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்னும் நிலை அன்று உருவாயிற்று.

இவ்வசதி நிறுவனங்களின் கண்ணில் படாமல் இருக்குமா? அங்கே ஊதியக் கணக்குக்கு ஒரு மென்பொருள், விடுப்பு விண்ணப்பத்துக்கு இன்னொன்று, சரக்கிருப்புக்கு வேறொன்று என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல்லும் தனிப் பழக்கமும் வேண்டியிருந்தன. மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் ஆய்வாளர்களான கிறிஸ்டோபர் ஷிலேக்ஸ், ஜூலி டைல்மன் ஆகிய இருவரும் 1998 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இக்குறையைப் போக்கும் மென்பொருள் வகைக்கு 'நிறுவனத் தகவல் வாசல்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். 1996-இல் தொடங்கப்பெற்ற பிளம்ட்ரீ நிறுவனம் இத்துறையில் முன்னோடியாக விளங்கியது. ஐ.பி.எம்., ஓரக்கிள், பி.இ.ஏ., சன், எஸ்.ஏ.பி., மைக்ரோசாஃப்ட் ஆகிய பெருநிறுவனங்களும் விரைவில் களத்தில் இறங்கின. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தம்முள் கூடி 'யூபோர்ட்டல்' என்னும் கட்டற்ற வலைவாசலை உருவாக்கின.

பல பெயர், பல மொழி

பக்கத்துக்குள் அமரும் சிறுகூற்றுக்குப் பிளம்ட்ரீ 'காட்ஜெட்' என்று பெயரிட்டது. எஸ்.ஏ.பி. அதனை 'ஐவியூ' என்றது. மைக்ரோசாஃப்ட் 'வெப் பார்ட்' என்றது. யூபோர்ட்டலிலோ அதன் பெயர் 'சேனல்'. பெயர் வேறுபட்டதோடு அமையாமல், அதனை எழுதும் முறையும் ஒவ்வோரிடத்திலும் வேறுபட்டது. ஒரு நிறுவனத்தின் வாசலுக்கென எழுதிய சிறுகூறு, வேறொரு வாசலில் இயங்கவில்லை. வாசலை மாற்ற எண்ணியவர், அதற்குள் பல ஆண்டு உழைப்பில் எழுதிச் சேர்த்த அனைத்தையும் மீண்டும் எழுத வேண்டியவரானார். வாடகை வீட்டிலிருந்து வேறு வீட்டுக்குக் குடிபெயர்பவர், தம் கட்டிலையும் பெட்டியையும் பழைய வீட்டிலேயே விட்டுச்செல்ல நேர்ந்தது போன்ற நிலை இது.

இதற்கு ஒரு முடிவு காண ஐ.பி.எம். ஒரு முன்மொழிவையும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வேறொரு முன்மொழிவையும் ஜாவா மொழிக்கான விதிகளை வகுக்கும் மன்றத்தின் முன் வைத்தன. அவை முறையே 162, 167 என்னும் எண்களைப் பெற்றன. ஒரே பொருளுக்கு இரண்டு பொது விதிகள் இருப்பின், பொது விதியே இல்லை என்றுதானே பொருள்? இரு முன்மொழிவுகளும் திரும்பப் பெறப்பட்டு, 168 என்னும் எண்ணில் ஒன்றாக இணைக்கப்பட்டன. சன் நிறுவனத்தின் அலெஹாந்த்ரோ அப்தெல்நூர், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்டெஃபான் ஹெப்பர் ஆகிய இருவரும் பணியைக் கூட்டாக வழிநடத்தினர். 2003 அக்டோபரில் முதல் போர்ட்லெட் விதித்தொகுப்பு நிறைவெய்தியது. அவ்விதிகளை நடைமுறையில் காட்டும் முன்மாதிரியாக அப்பாச்சி அமைப்பின் 'புளூட்டோ' என்னும் மென்பொருள் அமைந்தது. போட்டியாளர் இருவர் தத்தம் வரைவை விட்டுக்கொடுத்து ஒரே மேசையில் அமர்ந்ததால் விளைந்த நன்மை இது.

கூடி வாழும் ஒழுங்கு

இவ்விதித்தொகுப்பின் உயிர்நாடி, போர்ட்லெட்டுக்கும் வாசலுக்கும் இடையே வகுத்த எல்லையாகும். போர்ட்லெட் ஒரு முழுப் பக்கத்தை உருவாக்குவதில்லை. பக்கத்தின் ஒரு துண்டை மட்டுமே தரும். பக்கத்தின் தலைப்பகுதியையும் உடற்பகுதியையும் தொடங்கி முடிக்கும் குறியீடுகளை எழுத அதற்கு உரிமையில்லை. அவ்வுரிமை வாசலுக்கே உரியது. தன் இணைப்புகளுக்கான முகவரியையும் போர்ட்லெட் தானே அமைத்துக்கொள்ளாது. வாசலிடம் கேட்டுப் பெறும். அதே பக்கத்தில் தன்னோடு வேறு யார் யார் அமர்வர் என்பது அதற்குத் தெரியாததே காரணம்.

இரண்டாவது ஒழுங்கு, செயலையும் காட்சியையும் பிரித்து வைத்ததாகும். பயனர் ஒரு போர்ட்லெட்டில் பொத்தானை அழுத்தினால், அந்த ஒரு போர்ட்லெட்டின் செயற்பகுதி மட்டும் முதலில் நடந்து முடியும். அதன்பின்னரே பக்கத்திலுள்ள போர்ட்லெட்டுகள் தத்தம் காட்சியைத் தரும். இதனால், விடுப்புக்கு விண்ணப்பித்த ஒருவர் அருகிலுள்ள செய்திக் கட்டத்தை அழுத்தும்போது, விடுப்புப் போர்ட்லெட் தன் காட்சியை மட்டும் மீண்டும் தருமேயன்றி, விண்ணப்பத்தை மறுமுறை அனுப்பாது.

மூன்றாவது, நிலைகளைப் பற்றிய ஒழுங்கு. காணும் நிலை, திருத்தும் நிலை, உதவி நிலை என மூன்றை விதி வகுத்தது. அவற்றுள் காணும் நிலை கட்டாயம். ஏனைய இரண்டும் விருப்பம். சாளரமும் இயல்பு, சுருக்கம், விரிவு என மூவகைப்பட்டது.

நிறுவுதலும் அமைத்தலும்

ஒரு போர்ட்லெட்டை வாசலில் குடியேற்றும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பல்கலைக்கழக வாசலில், நூலகத்துக்குப் புதிதாக வந்த நூல்களைக் காட்டும் போர்ட்லெட் ஒன்றை நிறுவ வேண்டும் எனக் கொள்க.

முதலில், நிரலும் அதற்குரிய கோப்புகளும் ஒரே பொதியாகக் கட்டப்படும். அப்பொதிக்குள் 'போர்ட்லெட் டாட் எக்ஸ்.எம்.எல்.' என்னும் விவரக்கோப்பு இருத்தல் வேண்டும். குடியேறுபவரின் அடையாள அட்டை போன்றது இது. போர்ட்லெட்டின் பெயர், தலைப்பு, இயக்கும் நிரல், ஏற்கும் நிலைகள், பேசும் மொழிகள் ஆகியன இதில் பதிவாகும். காட்சியை எத்தனை விநாடிகள் சேமித்து வைத்து மீண்டும் காட்டலாம் என்பதையும் இதிலேயே குறிக்கலாம். அங்கே 0 என்று எழுதினால் சேமிப்பே இல்லை. கழித்தல் 1 என்று எழுதினால் சேமித்தது காலாவதியாகாது. நாளுக்கு ஒருமுறை மாறும் நூற்பட்டியலை ஒவ்வொரு வருகைக்கும் புதிதாகத் திரட்டினால் வாசல் முழுவதும் தளர்ந்துபோகும். நிமிடந்தோறும் மாறும் செய்தியை நெடுநேரம் சேமித்து வைத்தாலோ பழைய செய்தியே காட்சியாகும். ஆதலின் இச்சிறு எண்ணைத் தேர்வதிலும் பொறுப்பு உண்டு.

அடுத்து வருவன விருப்பத்தேர்வுகள். எத்தனை நூல்களைக் காட்டுவது, எந்தத் துறை நூல்களைக் காட்டுவது என்பவற்றைப் பயனர் திருத்தும் நிலையில் மாற்றிக்கொள்ளலாம். நூலக வழங்கியின் முகவரியையோ பயனர் மாற்றுதல் தகாது. அத்தகையவற்றை 'படிக்க மட்டும்' என்று விவரக்கோப்பில் பூட்டிவிடலாம். பயனர் தரும் மதிப்பு முறையானதா என்று சேமிக்குமுன் சோதிக்கும் சரிபார்ப்பியையும் இணைக்கலாம். எதனை மாற்ற விடுவது, எதனைப் பூட்டுவது என்று முன்கூட்டியே எண்ணித் துணிவதுதான் அமைத்தற்கலையின் பெரும்பகுதி.

இறுதியாக, நிர்வாகி பொதியை வாசலில் ஏற்றுவார், பக்கத்தைத் தேர்வார், பத்தி அமைப்பில் இடம் ஒதுக்குவார், மாணவர், விரிவுரையாளர், அலுவலர் ஆகியோருள் யார் காணலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி வழங்குவார். ஒரே போர்ட்லெட்டைப் பொறியியல் பக்கத்திலும் மருத்துவப் பக்கத்திலும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விருப்பத்தேர்வுகளைத் தரலாம். நிரல் ஒன்று, காட்சி பல.

விதி எட்டாத இடம்

இங்கேதான் கருதத்தக்க ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. பொதியும் விவரக்கோப்பும் பொது விதிக்கு உட்பட்டவை. ஆனால் பக்க அமைப்பு, இட ஒதுக்கீடு, பயனர் குழுக்கள், அனுமதிகள் ஆகியவற்றை நிர்வாகி எவ்வாறு பதிய வேண்டும் என்று விதித்தொகுப்பு வரையறுக்கவில்லை. அவற்றை ஒவ்வொரு வாசலும் தன் வழியிலேயே செய்தது. இதன் விளைவு யாது? போர்ட்லெட் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் பெயரலாம்; அதனைச் சூழ்ந்திருந்த ஏற்பாடு அதனுடன் பெயராது. கட்டிலும் பெட்டியும் புதுவீட்டுக்கு வந்துவிடும். எந்த அறையில் எதனை வைப்பது, எந்தச் சாவியை யாரிடம் தருவது என்பன மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிடும்.

இஃது ஏட்டளவில் நின்ற குறையன்று. பிளம்ட்ரீயைப் பி.இ.ஏ. நிறுவனம் 2005-இல் விலைக்கு வாங்கியது. அந்தப் பி.இ.ஏ.வையே ஓரக்கிள் 2008-இல் வாங்கியது. சன் நிறுவனமும் 2010-இல் ஓரக்கிள் வசமாயிற்று. ஐந்தே ஆண்டுகளில், மூன்று வாசல்களின் உரிமை ஒரே கையில் சேர்ந்தது. உரிமை கைமாறும்போது அவ்வாசல்களை நம்பியிருந்த நிறுவனங்கள் தம் எதிர்காலத்தை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. பொது விதிப்படி எழுதியவை அவர்களுக்கு ஓரளவு கைகொடுத்தன. விதிக்கு அப்பாற்பட்ட ஏற்பாடுகளையோ மீண்டும் கையால் செய்ய வேண்டியிருந்தது. எந்த அமைவை எதற்காகச் செய்தோம் என்று குறித்து வைத்தவருக்கு அப்பணி எளிதாகும். குறித்து வையாதவர் புதிதாகவே தொடங்க வேண்டும்.

வளர்ச்சியும் மாற்றமும்

முதல் விதித்தொகுப்பில் வேறு குறைகளும் இருந்தன. தனித்தனிப் பொதிகளில் வந்த போர்ட்லெட்டுகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள முறையான வழி இல்லை. 2008 ஜூனில் வெளிவந்த இரண்டாம் தொகுப்பு, நிகழ்வுகளை அறிவித்தல், பொது அளபுருக்களைப் பகிர்தல் ஆகிய வழிகளைத் திறந்தது. தொலைவிலுள்ள வழங்கியில் இயங்கும் போர்ட்லெட்டை மற்றொரு வாசலில் காட்டுவதற்கான உடன்பாட்டை, ஓயாசிஸ் என்னும் தர அமைப்பு 2003-இல் ஏற்று, 2008-இல் புதுப்பித்தது.

எனினும் காலம் வேறு திசையில் சென்றது. பக்கம் முழுவதையும் மீண்டும் கொணராமல் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் உத்திக்கு 2005-இல் 'ஏஜாக்ஸ்' என்னும் பெயர் வாய்த்தது. வழங்கியில் நடந்த பக்கம் தொகுக்கும் பணி மெல்ல மெல்ல உலாவிக்கு இடம் பெயர்ந்தது. 2010-இல் ஆங்குலர் ஜே.எஸ்., 2013-இல் ரியாக்ட் என்று உலாவியிலேயே திரையைக் கட்டும் கருவிகள் வந்தன. பொதுமக்களுக்கான தனிப்பயன் பக்கமாகிய ஐகூகுள் 2013 நவம்பரில் மூடப்பட்டது. போர்ட்லெட்டின் மூன்றாம் விதித்தொகுப்பு 2017-இல் நிறைவெய்தியபோது, முன்னிருந்த பரபரப்பு குறைந்திருந்தது. ஐ.பி.எம்.மின் வாசல் மென்பொருள் 2019-இல் இந்திய நிறுவனமான எச்.சி.எல். கைக்கு மாறியது. 2000-ஆம் ஆண்டில் பிரையன் சான் தொடங்கிய லைஃப்ரே போன்றவை போர்ட்லெட்டைத் தொடர்ந்து தாங்கி வருகின்றன.

நிறைவுரை

கருவிகள் மாறினும், சிறுகூறுகளைச் சேர்த்துத் திரையைக் கட்டும் எண்ணம் மறையவில்லை. கூறு தன் எல்லைக்குள் நிற்கவேண்டும். பிறர் இடத்தைத் தொடலாகாது. மாற்றத்தக்கதும் மாற்றத்தகாததும் முன்னரே வரையறுக்கப்பட வேண்டும் என்னும் நெறிகள் இன்றைய உலாவி நிரல்களுக்கும் பொருந்துவனவே.

இவ்வரலாறு ஆசிரியருக்கும் மாணவருக்கும் மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. பொது உடன்பாடு பொருளைக் காக்கும். அப்பொருளை ஒழுங்குபடுத்திய அறிவை அதனைப் பயன்படுத்துவோரே காக்க வேண்டும். தலைமை மாறும் பள்ளியிலும், செயலவை மாறும் சங்கத்திலும், பெட்டியும் அலமாரியும் புதியவர் கைக்கு வந்து சேர்ந்துவிடும். எது ஏன் அவ்வாறு வைக்கப்பட்டது என்னும் குறிப்பேடு உடன் வரவில்லையாயின், வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அமைப்பவர் தம் அமைவின் காரணத்தையும் எழுதி வைத்தல் கடனாகும்.