கங்காணியின் கண் எதைப் பார்த்தது?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தாய்லாந்து எல்லையை நோக்கிப் போகும் ரயில் பாதையில் வருகிற சிற்றூர் தாசேக் கெலுகோர். தாசேக் என்றால் ஏரி; கெலுகோர் என்பது மலாய்க்காரர் குழம்பில் புளிக்குப் போடும் ஆசாம் கெலுகோர் காய்க்கிற மரம். இந்தச் செபராங் பிறைக் கரை 1800-இல் கெடாவிடமிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போனது. கரும்பும் பிறகு ரப்பருமாகத் தோட்டங்கள் எழுந்தன, தமிழர் வந்தார்கள். ஆங்கிலத்தில் 'கேர்டேக்கர்' என்ற ஒரே சொல்லில் அடங்கும் வேலையை இங்கே மூன்று பேர் செய்தார்கள்: ஆட்களைப் பார்த்தவர் கங்காணி, வாசலைப் பார்த்தவர் ஜாகா, குழந்தைகளைப் பார்த்தவர் ஆயா. மூன்று பெயர்களும் மலாயாவில் வெள்ளைக்காரர் பேசிய ஆங்கிலத்துக்குள் போயின. ஆனால் மூன்றும் ஒரே மரியாதையோடு பிழைக்கவில்லை. ஏன் என்பதற்கு என் விடை இது: பார்த்துக்கொள்கிறவரின் பெயர் இனிப்பதும் கசப்பதும் அவர் எதை எண்ணிக் கூலி வாங்கினார் என்பதைப் பொறுத்தது.

கங்காணியில் தொடங்கலாம், ஏனென்றால் மூன்றில் அதுதான் நம் சொந்தச் சரக்கு. கண்ணும் காண்பதும் சேர்ந்து பிறந்த சொல் கண்காணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்கள் கண்காணி செய்வார் எனப்படுகிறார்கள். இலங்கையில் காப்பித் தோட்டங்களும் பின் தேயிலைத் தோட்டங்களும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கேட்டபோது, ஊரில் ஆள் திரட்டிக் கூட்டி வந்து வேலை வாங்கியவருக்கும் அதே பெயர் வந்தது. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி என்று அடுக்குகளும் வந்தன. ஆங்கில அகராதிகள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆள் சேர்ப்பவர், ஆட்களை மேய்ப்பவர் என்று பொருள் எழுதிவைத்தன. அகராதி தவறில்லை, ஆனால் முழுமையும் இல்லை. அவர் வருமானம் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லவில்லையே.

வருமானம் தலைக்கணக்கில் வந்தது. மலாயாத் தோட்டங்களில், ஆட்களை எண்ணும் விடியற்காலை அணிவகுப்பான பெரட்டில் வந்து நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை சென்ட் என்று நிர்வாகம் கங்காணிக்குக் கொடுத்தது. இலங்கையில் அதைப் பென்ஸ் காசு என்றார்கள். வராத ஆளுக்குக் காசு இல்லை. வரும்போதே முன்பணமும் கப்பல் செலவும் கடனாக ஏறியிருக்கும், அதையும் கூலியிலிருந்து பிடிக்க வேண்டும். இலங்கையில் கடன்பட்ட தொழிலாளி தோட்டம் மாற 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று அதில் எழுதியிருக்கும். 1921-இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. கோயிலில் கண்காணி செய்தவர் நெய்யும் நெல்லும் கணக்குப்படி வந்ததா என்று பார்த்தார். தோட்டத்தில் கணக்குக்கு வந்தது மனிதத் தலை. பார்க்கிற தொழில் மாறவில்லை, பார்க்கப்படும் பொருள் மாறிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கங்காணி வெளியாள் அல்ல. அதே ஊர், பல நேரம் அதே சாதி, அதே உறவு. பினாங்கு இறங்குதுறையில் ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமைக் கடந்து வந்த ஒருவனுக்குத் தெரிந்த முகம் அவர் ஒருவர்தான். முன்பிருந்த ஒப்பந்தக்கூலி முறையோடு ஒப்பிட்டால், குடும்பத்தோடு வர வழி திறந்ததும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை முன்னின்று நடத்தியதும் அவரே. ஆள் நலமாக இருந்தால்தானே அவருக்கும் காசு? உண்மைதான். காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுக்கவும், காய்ச்சல் முழுதாக இறங்குமுன் அவனைப் பெரட்டுக்கு எழுப்பவும் அவருக்கு இருந்த காரணம் ஒன்றேதான். அவர் கெட்டவர் என்று நான் வாதிடவில்லை. நல்ல கங்காணியையும் அந்தக் கணக்கு தன் பக்கம் இழுத்தது என்பதே வாதம். அரசே அதை ஓரளவு உணர்ந்திருந்தது. 1907-இல் உருவான தமிழர் குடியேற்ற நிதி, கப்பல் செலவை எல்லா முதலாளிகள் மீதும் வரியாகப் போட்டு, தொழிலாளி கடனோடு கரையிறங்குவதைக் குறைக்கப் பார்த்தது. 1910-இல் மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறைக்கு முடிவு வந்தது. ஆனால் தலைக்கணக்கு போகவில்லை. 1930-இன் பொருளாதார மந்தத்தில் ஆள் சேர்ப்பு நின்றது, 1934-இல் திரும்பியது, 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு உதவித்தொகையில் அனுப்புவதையே தடை செய்தது. கங்காணி ஆள் பிடிக்க ஊருக்குப் போன காலம் அத்தோடு முடிந்தது.

ஜாகாவின் கதை சிறியது. சமஸ்கிருதத்தில் விழித்திருப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து மலாய்க்குப் போன சொல்; நம் ஜாக்கிரதையும் அதே வேர்தான், ஆகவே தூரத்து உறவு. 1873-இல் கேப்டன் ஸ்பீடி, பினாங்கில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர், பேராக்கின் லாருட் பகுதித் தலைவர் ஙா இப்ராஹிமுக்காகப் பஞ்சாபிகளையும் பட்டாணியரையும் திரட்டி வந்தார். பிற்காலத்தில் வங்கி வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்த சீக்கியக் காவலர்தான் ஜாகா என்ற சொல்லின் உருவமாகவே ஆகிப்போனார். அவருக்குச் சம்பளம் மாதத்துக்கு. எண்ணுவதற்குத் தலைகள் இல்லை, ஒரு கதவுதான். அந்தச் சொல்லில் கேலி கொஞ்சம் ஒட்டியிருக்கலாம், வெறுப்பு ஒட்டவில்லை.

ஆயா போர்த்துகீசிய வரவு. 'ஆயா' என்றால் அவர்கள் மொழியிலும் பிள்ளை வளர்ப்பவள்தான். 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் அந்த மூலத்தையே காட்டுகிறது. துரை வீட்டு ஆயாவை ஆங்கில நாவல்கள் அறியும். தோட்டத்து ஆயாவை அவை அறியா. இருட்டோடு பால்வெட்டப் போன தாய்மார் பச்சைக் குழந்தைகளை விட்டுப்போன இடம் ஆயாக்கொட்டகை. பால்வெட்டும் தெம்பு போன வயதான பெண்ணே பெரும்பாலும் அங்கே ஆயா. ஏழைத் தொழிலை இப்படிப் புனிதமாக்குவது சரியா என்று கேட்கலாம். சரியில்லை, அவர் கூலி குறைவு என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குழந்தையை வேகமாகத் தொட்டிலாட்டுவதால் அவருக்குக் கூடுதலாக ஒரு சென்ட் கிடைக்கப்போவதில்லை என்பதும் உண்மை. அந்தப் பெயரில் கசப்பு ஏறாததற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வேர்ச்சொல்லில் குறை இல்லை என்பதற்கு இன்றைய தமிழே சாட்சி. தமிழ்நாட்டில் மாவட்டக் காவல்துறைத் தலைவர் காவல் கண்காணிப்பாளர். தேர்வு அறையில் உலவுகிறவர் அறைக் கண்காணிப்பாளர். கடை மூலையில் மாட்டியிருப்பது கண்காணிப்பு கேமரா. இவற்றைச் சொல்ல யாரும் கூசுவதில்லை. அதே வேரின் பேச்சு வடிவமான கங்காணியை மட்டும் அரசியல் மேடையில் ஒருவர் மீது வீசினால் அது வசவு: முதலாளிக்காகத் தன் ஆட்களையே மேய்ப்பவன் என்று பொருள். ஒரு 'ண்' தேய்ந்ததால் வந்த வித்தியாசம் அல்ல இது. பெரட்டுக்களத்தை மிதித்து வந்த வடிவம் எது, மிதிக்காதது எது என்பதே வித்தியாசம்.

தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் மலாக்கோப் போன்ற பழைய தோட்டப் பெயர்கள் பள்ளிக்கூடப் பலகைகளில் இருக்கின்றன. பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வாசல் காவலுக்கு இப்போது 'செக்குரிட்டி'. அதில் வெளிநாட்டவர் என்றால் நேப்பாளிகளையே மலேசியா அனுமதிக்கிறது. வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, 'பிள்ளையை ஜாகா பண்றேன்' என்று சொல்வார். 'கங்காணம் பண்றேன்' என்று சொல்லமாட்டார்.