வண்டி ஏறிய வரலாறு

நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் வண்டி பழகினால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும். கோயமுத்தூரில் விடியுமுன் தெருக்கூட்டப் போகிறவள், மில் ஷிப்டுக்கு ஓடுகிறவள், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவள் எல்லாம் இன்றைக்குப் பேட்டரி வண்டி பழக வருகிறார்கள். ஹேண்டில்பாரைப் பிடித்ததும் கை நடுங்குகிறது. "எனக்கு வேண்டாங் கண்ணு, பயமா இருக்குது" என்று இறங்கிவிடுகிறார்கள். இதை வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கொங்குச் சீமையில் அருந்ததியர் வளவிலிருந்து சைக்கிளில் கிளம்பியவர் ஊர்த்தெரு முனையில் இறங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். தள்ளிக்கொண்டே தெருவைக் கடந்து, அந்தப் பக்கம் போய்த்தான் ஏற வேண்டும். காலில் செருப்பு இருந்தால் அது கைக்கு வந்துவிட வேண்டும். ஊருக்கே செருப்புத் தைத்தவனுக்குச் செருப்பு ஆகாது. சைக்கிளில் ஏறியவன் தலை, திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் தலைக்கு மேலே போய்விடுகிறது. சாதிக்கு அது பொறுக்காது. "எறங்கித் தள்ளீட்டுப் போடா" என்ற அதட்டலைக் கேட்டுக் கேட்டே தலைமுறைகள் வளர்ந்தன.

அதெல்லாம் அந்தக் காலம் என்பவர்களுக்கு ஒரு சட்டத்தைக் காட்டலாம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுத்தால் குற்றம் என்று அதில் சேர்த்தார்கள். 2014இல் செவ்வாய்க் கிரகத்தைத் தன் விண்கலம் சுற்றத் தொடங்கியதைக் கொண்டாடிய நாடு, அடுத்த வருசம் சைக்கிளை ஓட்டவிடு என்று சட்டம் எழுத வேண்டியிருந்தது!

ஆணுக்கே இந்தக் கதி. பெண்ணுக்கு ஊரும் தடை, வீடும் தடை. ஊர்த்தெருவில் இறக்கிவிடப்பட்ட நம் ஆம்பிளைகள், வீட்டுக்கு வந்து பெண்டாட்டி கையில் சைக்கிளைக் கொடுத்துவிடவில்லை. இதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

பயம் எப்படிப் போகும் என்பதைப் புதுக்கோட்டை காட்டியது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கல் பட்டை தீட்டுகிறவர்கள் என்று ஆயிரமாயிரமாய்ப் பெண்கள் பழகினார்கள். பழகியவள் அடுத்தவளுக்குப் பழக்கிவிட்டாள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். இயக்கப் பெண்களுக்கு யூனிசெப் 50 மொபெட் கொடுத்தது. தனியாகப் பழகியிருந்தால் ஒவ்வொருத்தியும் கேலிக்கு ஆளாகியிருப்பாள். கூட்டமாய்ப் பழகியதால் கேலி செய்தவன்தான் ஒதுங்கினான்.

பிறகு 2001இல் தமிழக அரசு பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005 வாக்கில் அது எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. மகள் ஏறிவிட்டாள். அம்மா கீழேயே நின்றாள். இப்போது அவளுக்கும் வழி திறந்திருக்கிறது. பேட்டரி வண்டி செய்யும் ஆம்பியர் கம்பெனி 2008இல் தொடங்கியதே கோவையில்தான். 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், 250 வாட்டுக்குள் இருக்கும் பேட்டரி வண்டிக்கு லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

ஆனால் பழக்கிவிடுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். பெட்ரோல் வண்டி உறுமும். பேட்டரி வண்டி சத்தமில்லாமல் நிற்கும், முறுக்கினால் தாவும். பயந்தவள் கை இறுகும், இறுகினால் முறுக்கிவிடும். ஆகவே முதல் நாள் சாவியே போடக்கூடாது. இரண்டு பாதமும் தரையில் முழுசாய்ப் பதிகிற உயரமுள்ள வண்டியாகப் பார்த்து, காலால் உந்தி உருட்டச் சொல்ல வேண்டும். உருள உருளக் கால் தானாய்த் தரையை விடும். பார்வை முன்சக்கரத்தில் இருந்தால் வண்டி ஆடும்; தூரத்தில் இருந்தால் நேராகப் போகும். அடுத்தது பிரேக். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நின்றுவிடும். அது கைக்குப் பழகிய பிறகுதான் முறுக்குவது, அதுவும் குறைந்த வேகத்தில். ஹேண்டில்பாரை நாம் பிடிக்கக்கூடாது. சீட்டுக்குப் பின்னால்தான் பிடிக்க வேண்டும். விட்டுவிட்டு அப்புறம் சொல்வது ஏமாற்று. "விடப் போறேனுங்க்கா" என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். ஏமாற்றப்பட்டே பழகியவளுக்கு முதலில் வேண்டியது நம்பிக்கை.

இருட்டில், ஒதுக்குப்புறத்தில், யாரும் பார்க்காமல் பழக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். மறைத்துப் பழகினால் பயமும் மறைந்தே இருக்கும். வளவுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து பகலில் பழகட்டும். கடைசிப் பாடம் ஊர்த்தெருவில்: அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும், காலில் செருப்போடு, இறங்காமல்.