தேங்கிய நீரின் வரலாறு

கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுக்தா ஆறு, கள்ளக்குறிச்சிச் சமவெளியைக் கடந்து விருத்தாசலம் வழியே வெள்ளாற்றை நாடிச் செல்கிறது. அந்நீரை நம்பி நெல் விளைந்தது. வயலில் தேங்கி நின்ற நீரில் வேறொன்றும் விளைந்தது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற பெயரே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. ஜப்பானில் 1924இல் பெருவாரியாகப் பரவி, 1935இல் அங்கே வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டதால் நிலைத்த பெயர் அது. நோயோ நம் வயல்களுக்கு அந்நியமானதல்ல. இந்தியாவின் முதல் நோயாளிகள் 1955இல் வேலூர் வட்டாரத்தில்தான் கண்டறியப்பட்டனர். அன்று கள்ளக்குறிச்சியையும் விருத்தாசலத்தையும் உள்ளடக்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டமும் பின்னாளில் இந்நோயின் நிலமாக அறியப்பட்டது. மதுரையில் 1985இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், விருத்தாசலத்தில் களநிலையம் அமைத்து இதை ஆராய்ந்தது.

நாற்று நட்ட வயலில் க்யூலெக்ஸ் இனக் கொசு முட்டையிடுகிறது. அந்தி சாய்ந்தபின் கடிக்கிறது. கொக்குகளும் நாரைகளும் வைரஸின் இயற்கை உறைவிடங்கள். பன்றியின் உடலில் அது பல்கிப் பெருகுகிறது. மாட்டைக் கொசு மிகுதியாகக் கடித்தாலும் அங்கிருந்து வைரஸ் பரவுவதில்லை. மனித ரத்தத்திலும் மற்றொரு கொசுவுக்குத் தொற்றுமளவு அது பெருகுவதில்லை. வைரஸைப் பொறுத்தவரை மனிதன் ஒரு முட்டுச்சந்து. அந்தச் சந்தின் முடிவில் பெரும்பாலும் குழந்தைகளே அகப்பட்டார்கள். தொற்றியோரில் மிகச் சிலரையே நோய் வீழ்த்துகிறது. ஆனால் மூளை தாக்கப்பட்டோரில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் பலருக்குப் பேச்சோ, நடையோ, நினைவோ முழுதாகத் திரும்புவதில்லை.

இங்கே ஒரு கணக்கு உறுத்துகிறது. ஜப்பான் 1954இலேயே தடுப்பூசிக்கு அனுமதி அளித்துவிட்டது. வேலூரில் நோய் கண்டறியப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு. பிற்பாடு கசௌலியில் எலிமூளையிலிருந்து தடுப்பூசி தயாரிக்கப்பட்டபோதும், அது தேவைக்குப் போதவில்லை. 2005இல் கோரக்பூர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே, 2006இல் சீனத் தடுப்பூசியுடன் அரசின் பெரும் இயக்கம் தொடங்கிப் படிப்படியாகத் தமிழகத்தையும் எட்டியது.

இடைப்பட்ட அரை நூற்றாண்டை எந்தக் கணக்கில் எழுதுவது? மரணங்களாவது ஏடுகளில் எண்களாகப் பதிவாயின. உயிர் தப்பி, வீட்டுத் திண்ணையில் சொல்லிழந்து அமர்ந்திருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை எந்த ஏட்டிலும் முழுமையாக ஏறியதில்லை. நெல் உற்பத்தியின் வரலாற்றை எழுதுகையில் மூட்டைகளின் எண்ணிக்கையைத் தவறாமல் குறிக்கிறோம். அதே பக்கத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.