லிவிங் ஸ்மைல் வித்யா: சாதியையும் பாலினத்தையும் ஒரே மேடையில் நிறுத்திய கலைஞர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் இரவில் ஒரு மேடை உண்டு. கரிவலம்வந்தநல்லூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இதே வழக்கம்தான். கரகாட்டம், நையாண்டி மேளம், ஆடல் பாடல் என்று நள்ளிரவைத் தாண்டி நீளும் இத்தகைய மேடைகளில் தென்மாவட்டத் திருநங்கைக் கலைஞர்கள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். கூட்டம் கைதட்டி ரசிக்கிறது. பொழுது விடிந்ததும் அதே கலைஞர் வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. அவர் தலித்தாகவும் இருந்துவிட்டால், ஊர்த்தெரு, சேரித்தெரு என்ற பழைய கோடும் சேர்ந்து அவர்முன் நிற்கிறது.

கலையை ரசிப்பதற்கும் கலைஞரைச் சமமான மனிதராக ஏற்பதற்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டின் பால்புதுமைக் கலைஞர்களுள் ஒருவரான லிவிங் ஸ்மைல் வித்யாவின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் உதவும். நடிகர், எழுத்தாளர், நாடக இயக்கச் செயற்பாட்டாளர் எனப் பல தளங்களில் இயங்கியவர் அவர். எந்த நிறுவனத்தின் முதலீடும் இன்றித் தம் மேடையைத் தாமே கட்டிக்கொண்டவர். தம்மைத் திருநங்கை என்றும் தலித் என்றும் ஒருசேர அறிவித்தவர். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும் என்று உலகம் எதிர்பார்த்த இடங்களிலெல்லாம் அவர் இரண்டையும் சொன்னார்.

பிறப்பும் கல்வியும்

வித்யா 1982இல் திருச்சிராப்பள்ளியில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர். தம் கையிலிருக்கும் துடைப்பம் பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது, பிள்ளை படித்து அதிகாரியாக வேண்டும் என்பதே அத்தந்தையின் கனவு. அந்தக் கனவு கண்டிப்பாகவும் அடியாகவும் பிள்ளைமீது இறங்கியதை வித்யா தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒடுக்கப்பட்ட குடும்பங்களில் கல்வி என்பது எவ்வளவு பெரிய பந்தயப் பொருள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தந்தையை வெறும் கொடுமைக்காரராகப் பார்க்க இயலாது. தன்னைப் பெண்ணாக உணர்ந்த ஒரு குழந்தைக்கு அந்த வீட்டில் மூச்சுவிட இடமில்லாமல் போனது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒரே பக்கத்தில் வைத்ததுதான் அவருடைய எழுத்தின் நேர்மை.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை பயின்றார். நவீன நாடகத்தோடு அவருக்கு நெருக்கமான தொடர்பு ஏற்பட்டது அக்காலத்தில்தான். முதுகலைப் பட்டம் பெற்ற பின்பும் திருநங்கையாக வாழ முடிவு செய்தவருக்கு முன்னால் எஞ்சியிருந்த வழிகள் மிகச் சிலவே. வீட்டைவிட்டு வெளியேறி, புனேயில் திருநங்கையர் சமூகத்தோடு வாழ்ந்து, தொடர்வண்டிகளில் கையேந்திப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தைக் கொண்டு ஆந்திரத்தின் கடப்பாவுக்குச் சென்று பாலின உறுதிப்படுத்தும் அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டார். போதிய மருத்துவ வசதியோ, மனநல ஆலோசனையோ, முறையான பராமரிப்போ இல்லாமல் நடந்த சிகிச்சை அது. இன்று தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலேயே இச்சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. அந்த மாற்றம் அரசின் இரக்கத்தால் மட்டும் வந்ததில்லை. தம் உடலில் நேர்ந்ததைப் பொதுவெளியில் பேசத் துணிந்த ஒரு தலைமுறைத் திருநங்கையரின் குரல் அதற்குப் பின்னால் இருக்கிறது.

எழுத்து

சிகிச்சைக்குப் பின் தமிழ்நாடு திரும்பிய வித்யா, மதுரையில் அலுவலகப் பணியில் சேர்ந்தார். பிச்சை, பாலியல் தொழில் ஆகிய இரண்டுக்கும் வெளியே, பொதுவான பணியிடமொன்றில் திருநங்கை ஒருவர் வேலை பார்ப்பது அரிதிலும் அரிதாக இருந்த காலம் அது. வலைப்பதிவு எழுதினார். 2007இல் கிழக்கு பதிப்பகம் அவருடைய தன்வரலாற்றை வெளியிட்டது. ‘ஐ ஆம் வித்யா’ என்ற பெயரில் அது ஆங்கிலத்துக்கும் போயிற்று.

தமிழில் தன்வரலாறு என்னும் வடிவத்தைத் தலித்துகள் கையிலெடுத்ததன் அடையாளமாக பாமாவின் ‘கருக்கு’ (1992) அமைந்தது. திருநங்கையர் வாழ்வை அவர்களே பேசிய நூலாக ஏ. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ வந்தது. வித்யாவின் நூலில் இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. துப்புரவுத் தொழிலாளியின் வீட்டிலிருந்து தொடங்கும் அக்கதையில் சாதியை நீக்கிவிட்டுப் பாலினத்தை மட்டும் வாசிக்க முடியாது.

இக்கருத்தை அவர் பின்னர் கோட்பாடாகவே முன்வைத்தார். 2013இல் வெளியான ஒரு விரிவான நேர்காணலில், திருநர் வெறுப்பும் பார்ப்பனியத்தின் ஒரு வடிவமே என்று வாதிட்டார். பிறப்பை வைத்து ஒருவருக்கு இன்ன தொழில்தான் என்று விதிப்பது சாதி. மலம் அள்ளும் தொழிலில் ஒரு சமூகத்தைப் பூட்டி வைப்பதற்கும், பிச்சையிலும் பாலியல் தொழிலிலும் திருநங்கையரைப் பூட்டி வைப்பதற்கும் அடிப்படை ஒன்றே என்பது அவ்வாதத்தின் சாரம். பால்புதுமையினர் இயக்கங்கள் ஆங்கிலம் பேசும் நகர்ப்புற மேல்தட்டின் கையில் இருந்த சூழலில் இது சங்கடமான கேள்வியாக இருந்தது. தலித் இயக்கங்களுக்கும் அது எளிய கேள்வியாக இருக்கவில்லை.

திரையும் மேடையும்

இயக்குநர் மிஷ்கினிடம் ‘நந்தலாலா’ படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றினார் வித்யா. அவருடைய தன்வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு பி.எஸ். லிங்கதேவரு கன்னடத்தில் ‘நானு அவனல்ல அவளு’ என்ற படத்தை எடுத்தார். அதில் முதன்மை வேடமேற்ற சஞ்சாரி விஜய்க்கு 62ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஒரு தலித் திருநங்கையின் வாழ்க்கை தேசிய விருது பெற்றது. விருது மேடையில் ஏறியவர் ஓர் ஆண் நடிகர். அக்கலைஞரின் திறமையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால், தொழில்முறை நாடகப் பயிற்சி பெற்ற திருநங்கையர் இருந்தும் அவர்களுடைய கதையில் அவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும்.

இதற்கு வித்யா அளித்த பதில் ஒரு நாடகக் குழு. சார்லஸ் வாலஸ் நல்கை பெற்று லண்டனில் அரங்கப் பயிற்சி முடித்துத் திரும்பியபின், ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோருடன் சேர்ந்து 2014இல் ‘பன்மை’ என்ற குழுவைத் தொடங்கினார். நிறுவிய மூவரும் திருநர். அவர்களுடைய ‘கலர் ஆஃப் டிரான்ஸ்’ நாடகத்தில் அவர்களே எழுத்தாளர்கள், அவர்களே நடிகர்கள், கதையும் அவர்களுடையது. அழுது இரக்கம் கேட்கும் தொனியைத் தவிர்த்து, எள்ளலும் கோபமும் கலந்து பார்வையாளரை நோக்கிக் கேள்வி கேட்ட நாடகம் அது.

இந்தத் தன்னாட்சியின் மதிப்பை உணர, அதே காலத்தின் இன்னொரு நிகழ்வோடு ஒப்பிடலாம். 2016இல் மும்பையில் ‘6 பேக் பேண்ட்’ என்ற பாப் இசைக் குழு அறிமுகமானது. ஆறு திருநங்கையர் பாடிய அக்குழுவை யஷ் ராஜ் நிறுவனத்தின் இளைஞர் பிரிவான ஒய் ஃபிலிம்ஸ், ப்ரூக் பாண்ட் ரெட் லேபிள் தேயிலையின் ஆதரவுடன் உருவாக்கியது. பாடல்கள் பரவலாகப் பார்க்கப்பட்டன. கான் விளம்பர விழாவில் அம்முயற்சி உயரிய பரிசொன்றைப் பெற்றது. திருநங்கையர் குரலைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுசென்றதில் அதற்குப் பங்குண்டு. ஆயினும் அது ஒரு தேயிலை விளம்பரத்தின் பகுதி. எதைப் பாடலாம் என்ற எல்லையை அதுவே தீர்மானித்தது. மகிழ்ச்சியைப் பாடலாம், ஏற்பைப் பாடலாம். துடைப்பத்தையும் சேரியையும் பாட அங்கே இடமில்லை. ‘பன்மை’க்கு வந்த கூட்டம் சிறியது. ஆனால் மேடையில் எதைச் சொல்வது என்று அதற்கு எவரும் கட்டளையிடவில்லை.

பின்னர் வித்யா சுவிட்சர்லாந்துக்குப் புலம்பெயர்ந்தார். அங்கும் தம் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு ‘இன்ட்ரட்யூசிங் லிவிங் ஸ்மைல் வித்யா’ என்ற நிகழ்வை மேடையேற்றினார். முதுகலைப் பட்டமும் நூலும் நாடகக் குழுவும் இருந்த ஒரு கலைஞர் வேறு நாட்டில் வாழ நேர்ந்திருப்பது தமிழ்ச் சமூகம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

சட்டம் எங்கே நிற்கிறது?

வித்யா மேடையில் ஒன்றாக நிறுத்திய இரண்டையும் சட்டம் நெடுங்காலம் தனித்தனியாகவே பார்த்தது.

2008இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று ‘நால்சா’ வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. திருநரைச் சமூக, கல்வி நிலையில் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு வழங்கவும் பணித்தது. தமிழ்நாடு அரசு 2015இல் திருநங்கையரை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது.

உதவி போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் தலித் திருநங்கைக்கு ஒரு பொறி இருக்கிறது. அருந்ததியர் திருநங்கை ஒருவரை எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டிலும் அதற்குள் அருந்ததியருக்கான 3 விழுக்காட்டிலும் அவர் போட்டியிடலாம். ஆனால் அங்கே அவர் திருநங்கை என்பதற்காகத் தனி இடம் ஏதுமில்லை. 20 விழுக்காட்டு மிகப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குப் போனால் அவர் தலித் என்பது அழிந்துபோகிறது. தம்மைத் தெருவுக்குள் விடாத சமூகங்களோடும் அவர் அங்கே போட்டியிடவேண்டும். எந்த வாசலில் நுழைந்தாலும் தம்மில் ஒரு பாதியை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும்.

இதற்குத் தீர்வு கிடைமட்ட இடஒதுக்கீடு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருப்பதைப்போல, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கென ஒரு பங்கை ஒதுக்குவது. தூத்துக்குடியைச் சேர்ந்த தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு பல ஆண்டுகளாக முன்வைத்துவரும் கோரிக்கை இது. கர்நாடகம் 2021இல் அரசுப் பணிகளில் 1 விழுக்காடு கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாலினத்தைச் சாதியாகக் கருதிய 2015ஆம் ஆண்டு ஏற்பாடு அரசமைப்புக்கு முரணானது என்று கூறியது.

தண்டனைச் சட்டத்திலும் இதே பிளவு தெரிகிறது. 2019ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, திருநர்மீதான பாலியல் கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை மட்டுமே சிறைத்தண்டனை விதித்தது. பெண்மீதான வன்புணர்வுக்குச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்சத் தண்டனையே இதைவிடப் பல மடங்கு. எனவே தலித் திருநங்கை தாக்கப்படும் வழக்குகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளும் முதல் தகவல் அறிக்கையிலேயே சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யவேண்டிய முதல் வேலை. 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பார்வையற்ற பெண்மீதான வன்கொடுமையை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சாதி, பாலினம், உடற்குறை ஆகியவை ஒருவர்மீது ஒன்றாகச் சேர்ந்து இயங்குவதை விரிவாக விளக்கியது. அத்தீர்ப்பை நம் வாதங்களில் எடுத்தாள வேண்டும்.

நம்முன் உள்ள பணி

வித்யாவின் வாழ்க்கையைத் தனிமனிதச் சாதனையாகக் கொண்டாடிவிட்டுக் கடந்து போவது எளிது. சாதனையாளரைத் தனியே உயர்த்திக் காட்டும்போது, அவர் எதிர்த்த அமைப்பு கேள்வியிலிருந்து தப்பிவிடுகிறது. அவர் கேட்டது பாராட்டை அன்று. முழு மனிதராக நிற்க ஓர் இடத்தை.

அந்த இடத்தை உருவாக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாகத்திலிருந்தே தொடங்கலாம். சேர்க்கைப் படிவத்தில் பாலினத்துக்கும் சாதிக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றனவா, கல்வி உதவித்தொகை கேட்கும் தலித் திருநங்கையிடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களா, விடுதியில் அவருக்கு அறை உண்டா என்று கேட்கலாம். அம்பேத்கர் வாசிப்பு வட்டங்களில் வித்யாவின் தன்வரலாற்றை வாசிக்கலாம். ஊர்க் கொடையில் ஆடவரும் திருநங்கைக் கலைஞர்களை நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவலாம்.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் அடுத்த கொடைக்கும் மேடை போடுவார்கள். ஆட்டம் முடிந்து ஒப்பனையைக் கலைக்கும் கலைஞர் அன்றிரவு எந்த வீட்டில் படுப்பார் என்பதை மேடைக்கு முன்னால் அமர்ந்திருப்பவர்களில் ஒருவராவது கேட்டாக வேண்டும்.