இரண்டு வாசல் பண்ணைவீடு

இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களான சஃபோக், நார்ஃபோக் பக்கத்துக் கிராமங்களில், ஒரே கூரையும் நடுவில் ஒரே புகைபோக்கியும் இரண்டு வாசற்கதவுகளும் கொண்ட பழைய செங்கல் வீடுகளைப் பார்க்கலாம். தொடக்கத்திலேயே இரட்டை வீடாகக் கட்டியது போலத் தோன்றும். ஆனால் இவற்றில் பல, ஒரு காலத்தில் ஒரே விவசாயக் குடும்பத்தின் பண்ணைவீடாக இருந்தவை. அப்படியொரு வீட்டின் இடப்பாதியில் நான் குடியிருக்கிறேன். கணினிக்காரனுக்குச் செங்கல்லில் என்ன வேலை என்று கேட்கலாம். சுவரில் ஈரம் கண்டால் யாருக்கும் ஆர்வம் வந்துவிடும்.

பதினேழாம் நூற்றாண்டில் இப்பகுதியில் பரவலாக இருந்த வீட்டமைப்பு எளிமையானது. நடுவே பருத்த புகைபோக்கி. அதன் இருபுறமும் முதுகோடு முதுகாக இரண்டு கணப்பு அடுப்புகள். வாசற்கதவைத் திறந்தால் நேரே புகைபோக்கியின் சுவர். அதன் முன் இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு சின்ன நடை. ஒருபக்கம் சமைத்துச் சாப்பிடும் கூடம், மறுபக்கம் விருந்தினருக்கான அறை. பிரிப்பதற்கென்றே கட்டியது போன்ற அமைப்பு! பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு பண்ணைகள் பெரியவற்றோடு சேர்ந்தபோது, விவசாயி போய்விட்ட வீட்டில் நிலக்காரர் இரண்டு கூலிக் குடும்பங்களைக் குடிவைத்தார். நடையை அடைத்து, ஆளுக்கொரு வாசல் வெட்டி, இன்னொரு மாடிப்படி போட்டால் வேலை முடிந்தது. மாடியில் மரச்சிம்பின் மேல் சுண்ணாம்பு பூசிய மெல்லிய தடுப்போடு நிறுத்திவிடுவார்கள். கூரைக்கடியில் அதுகூட இல்லாத வீடுகள் உண்டு. அங்கே ஒரு பாதியில் பிடித்த தீ மறுபாதிக்குப் போகத் தடையே இல்லை. இப்படிப்பட்ட வீட்டை வாங்குபவர்கள் முதலில் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

எந்த வாசல் பழையது என்பதைச் செங்கல்லே சொல்லும். பிளெமிஷ் கட்டு எனப்படும் முறையில், ஒவ்வொரு வரியிலும் ஒரு கல்லின் நீளப்பக்கமும் அடுத்த கல்லின் குறும்பக்கமும் மாறி மாறி வரும். கதவு, ஜன்னல் ஓரங்களில் கணக்குச் சரியாக, நெடுக்கில் பிளந்த ஒல்லிக் கல் ஒன்றைக் கொத்தனார் வைப்பார். வெறும் சுவரின் நடுவில் அந்த ஒல்லிக் கற்கள் மேலிருந்து கீழாக வந்தால், அங்கே ஒரு வாசல் இருந்து அடைபட்டிருக்கிறது. கதவோரத்தில் அவை இல்லாமல் கற்கள் தாறுமாறாக உடைபட்டிருந்தால், பிற்பாடு வெட்டிய வாசல். எங்கள் வீட்டில் இரண்டு வாசலுமே பிற்பாடு வெட்டியவைதான். அடைத்த ஜன்னலைக் கண்டதும் 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரியைக் காரணம் சொல்வது இங்கே வழக்கம். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. உள்ளே புதிதாகப் படி வந்ததால் அடைத்தவையும் உண்டு. செங்கல்லுக்கும் 1784 முதல் 1850 வரை வரி இருந்தது. எண்ணிக்கைக்கு வரி என்பதால் சிலர் கல்லைப் பெரிதாக்கினார்கள். 1803இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி வந்தது.

இனி ஈரத்துக்கு வருகிறேன். இந்தச் சுவர்கள் நம் ஊர்க் காரைவீட்டைப் போலச் சுண்ணாம்புக் கலவையில் கட்டியவை. மழையை உறிஞ்சும், பிறகு கல்லிடுக்குச் சுண்ணாம்பின் வழியாகவே பெரும்பாலும் உலரும். வலப்பாதியில் முன்பு இருந்த ஒருவர், பார்க்க உறுதியாக இருக்கட்டும் என்று இடுக்குகளைச் சிமெண்டால் பூசிவிட்டார். சிமெண்டில் ஈரம் வெளியேறாது. கல்லுக்குள்ளேயே தங்கி, உறைபனியில் விரிந்து, கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அவர் பக்கம் செங்கல் உதிர்கிறது. பொதுவான புகைபோக்கியை ஒட்டி என் பக்கமும் ஈரம். பத்திரத்தில் வீடு இரண்டு, தண்ணீருக்கு ஒன்றுதான்.

சட்டப்படியும் அப்படித்தான். பாதுகாக்கப்பட்ட கட்டிடமாகப் பட்டியலில் இருந்தால், முகப்பு மட்டுமல்ல, உள்ளே உள்ள படியும் தடுப்பும்கூடச் சேர்த்தி. அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொதுச்சுவரையோ புகைபோக்கியையோ வெட்டி மாற்றுவதானால், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இப்போது வலப்பாதியில் இருப்பவரும் நானும் சேர்ந்து இரு பக்கமும் ஒரே கொத்தனாரை வைத்திருக்கிறோம். சிமெண்டை இயந்திரத்தால் அறுத்தால் கல்லின் ஓரம் போய்விடும் என்று அவர் சிற்றுளியும் சுத்தியலும்தான் பிடிக்கிறார். சுண்ணாம்பு இறுக நாளாகும். அதற்குள் பனி உறைந்தால் கெட்டுவிடும். செப்டம்பருக்குள் முடிக்காவிட்டால் மிச்சம் அடுத்த வசந்தத்தில்தான்.