ஐந்து வாட் கணினியும் நம் வீடுகளும்

கணினி என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எத்தனை வெள்ளி?" என்பதுதான். அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள். எப்படி என்று பார்ப்போம்.

1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 26. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்ற நிறுவனத்திற்கு, சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த புதிய சில்லு வந்து சேர்ந்தது. மின்செலவு ஒரு வாட்டுக்குள் அடங்கினால் விலை மலிவான பிளாஸ்டிக் உறை போதும் என்பதுதான் அவர்களின் கணக்கு. அதாவது சிக்கனம் காசுக்காகத்தான் தொடங்கியது. மின்னோட்டத்தை அளந்து பார்த்தால், மானியில் பூஜ்யம்! சோதனைப் பலகையில் அந்தச் சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்ற பாகங்களிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் ஆர்ம். இன்று நம் ஒவ்வொருவரின் கைப்பேசிக்குள்ளும் இருப்பது அதன் வாரிசு.

அதே 1985-இல் நம் நாட்டிலும் ஒரு காரியம் நடந்தது. கிள்ளானுக்குத் தெற்கே உள்ள கேரித் தீவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், கவிஞர் முரசு நெடுமாறனின் புதல்வர், 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அந்நாளைய கணினியில் எழுத்துகளுக்கு 256 இடங்கள்தான். அதில் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. மீதமுள்ள 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளை எப்படி அடக்குவது? கொம்பு தனி, கால் தனி என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து, திரையில் ஒட்டவைத்தார்கள். குறுகிய வீட்டில் பெரிய குடும்பம் குடியிருந்த கதைதான். பின்னாளில் யூனிகோடு வந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடே கோலாலம்பூரில் கூடியது. வசதி குறைந்த கணினியிலும் தமிழ் ஓட வேண்டும் என்ற பிடிவாதம் நம்மவருக்கு அப்போதே இருந்தது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கும் திட்டம் 2000-ஆம் ஆண்டில் வந்தது. முறைகேடுகளால் பின்னர் நிறுத்தப்பட்டது. 2010-இல் '1மலேசியா' நெட்புக் கணினிகள் விநியோகம் தொடங்கியது. நான் டிப்ளோமா படித்த காலம் அது. சின்னத் திரை, மெதுவான சில்லு; ஒரு காணொளியை வெட்டி ஒட்டுவதற்குள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் கட்டுரை எழுத அது போதும். கொடுத்ததில் குறையில்லை; கொடுத்த பிறகு அதைப் பராமரிக்கச் சொல்லித்தர ஆள் இல்லாததுதான் குறை என்பது என் கருத்து.

2012 பிப்ரவரி 29-இல் ராஸ்பெரி பை வந்தது. கடன் அட்டை அளவில் ஒரு பலகை. விலை 35 அமெரிக்க டாலர். அன்றைய நிலவரப்படி நம் பணத்தில் நூறு வெள்ளியை ஒட்டி வரும். உள்ளே அதே ஆர்ம் சில்லு, மின்செலவு சுமார் மூன்றரை வாட். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. (தொலைக்காட்சியில் வேலை செய்யும் நான் இதைச் சொல்லக்கூடாது. பிள்ளை படிக்கும் நேரத்தில் அம்மா எங்கள் நாடகத்தைப் பார்க்க முடியாதே!)

கணக்கைப் பாருங்கள். ஐந்து வாட் கணினி ஒரு மாதம் இரவு பகலாக ஓடினாலும் 3.6 யூனிட்தான். தெனாகாவின் 2014-ஆம் ஆண்டு கட்டண அட்டவணையில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 21.80 காசு. அதாவது மாதம் 78 காசு. நூறு வாட் மேசைக் கணினி அப்படி ஓடினால் 15 வெள்ளி 70 காசு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதுதான் இந்தக் கணக்கின் அருமை புரிந்தது. பள்ளிகள் பூட்டப்பட்டன. அடுக்குமாடி வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். 2021 வரவு செலவுத் திட்டத்தில் 1 லட்சத்து 50 ஆயிரம் மாணவர்களுக்கு மடிக்கணினி அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வரும்வரை அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 2012-இன் முதல் பலகையால் இணைய வகுப்பைத் தாங்க முடியாது, உண்மை. ஆனால் 2019-இல் வந்த நான்காம் தலைமுறைப் பலகையால் ஓரளவு முடிந்தது.

இதை வாங்கி நடத்த நினைக்கும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். மலிவான கைப்பேசி சார்ஜரைச் செருகாதீர்கள். மின்னழுத்தம் குறைந்தால் கணினி திணறும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் நம் ஊர் வெக்கையில் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதன் வன்தட்டு ஒரு மெமரி கார்டுதான். முறையாக அணைக்காமல் வயரைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகலாம். அதனால் இன்னொரு கார்டில் நகல் எடுத்து வையுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடி உங்களுக்குத் தெரியாததல்ல. வானம் கறுத்தால் ஒழுங்காக அணைத்துவிட்டு, கணினியின் பிளக்கையும் இணைய மோடத்தின் பிளக்கையும் சேர்த்தே கழற்றுங்கள். தமிழ் எழுத்துரு தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம்; இலவசம்தான், ஐந்து நிமிட வேலை.